கரகம் தூக்குபவரின் கையெழுத்து

புதிதாக நன்னடத்தை அலுவலராகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் என் சாமர்த்தியத்தைப் பற்றிப் பேசப்போவதில்லை. இருபத்தெட்டு வருடம் புதுச்சேரியில் இந்த வேலை பார்த்தேன். சாமர்த்தியமாகச் செய்ததெல்லாம் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மடத்தனமாகச் செய்த ஒன்றுதான் இன்னும் என்னை விடாமல் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

நம் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆளைச் சிறைக்கு அனுப்புவதா, கண்டித்து வீட்டுக்கு விடுவதா, நம் கண்காணிப்பில் வைத்துச் சிகிச்சைக்கு அனுப்புவதா என்று நீதிபதி யோசிப்பார். இந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று நாம் ஊருக்குப் போய் விசாரித்து எழுதித் தருவோம். நாம் எழுதுவதை நீதிபதிகள் பெரும்பாலும் நம்பிவிடுவார்கள். பயமே அதுதான்.

கலியமூர்த்தி என்று ஒருவர். தவளக்குப்பத்தைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஊர். கொஞ்சம் நிலம் உண்டு, மற்றபடி டவுனில் பெயின்ட் அடிக்கும் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சுற்றுலாக் கூட்டம் நிரம்பி வழிந்த நேரத்தில், நோணாங்குப்பம் ஆற்றில் யாரோ ஒருவர் கட்டி வைத்திருந்த மிதி படகில் ஏறி உட்கார்ந்தார். அன்னப்பறவை மாதிரி நீண்ட கழுத்தோடு செய்த படகு. கடலூருக்குப் போவதாகக் கரையில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டு மிதிக்கத் தொடங்கினார். எல்லோரும் கையசைத்து வழியனுப்பியிருக்கிறார்கள். மறுநாள் மதியம் சேற்றில் சிக்கிய படகில் தூங்கிக்கொண்டிருந்தவரை மீன்பிடிக்கப் போனவர்கள் எழுப்பிக் கூட்டிவந்தார்கள். படகுத் திருட்டு என்று வழக்குப் பதிவானது.

அன்னம் சான்றுப் பொருளாக நீதிமன்ற வளாகத்துக்கு வந்து சேர்ந்தது. வாய்தாவுக்கு வந்தவர்கள் இரண்டிரண்டு பேராக அதில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுவார்கள். நானும் ஒருநாள் உட்கார்ந்தேன், வசதியாகத்தான் இருந்தது.

படகில் ஏறிய அன்று கலியமூர்த்தி குடித்திருந்தார் என்று வழக்கின் எந்தக் காகிதத்திலும் இல்லை. போதையில் எடுத்தான் என்றால் திருடும் எண்ணம் எங்கே என்று கேள்வி வரும் என்பதால் போலீஸ் அதை எழுதவில்லை. மருத்துவர் அவரைப் பார்த்தது மறுநாள் மாலை. அதற்குள் தெளிந்துவிட்டிருந்ததால் அவரும் எழுதவில்லை. ஜாமீன் மனுவில் வக்கீல் ஒரு படி மேலே போய், மனுதாரர் வாழ்நாளில் மதுவைத் தொட்டறியாதவர் என்று போட்டுவிட்டார். எல்லா மனுவிலும் போடுகிற வரி அது. இப்படியாக ஜாமீன் கிடைக்கும்போதே கலியமூர்த்தி காகிதத்தில் உத்தமராகிவிட்டார்.

தினமும் காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஜாமீன் நிபந்தனை. அதைத் தளர்த்தச் சொல்லி மனுப்போட வக்கீல் மறந்துபோனதால் ஐந்து மாதமாகப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிபதி அம்மா என்னிடம் அறிக்கை கேட்டார்.

ஊருக்குப் போனேன். அன்றைக்கு அது எனக்கு மூன்றாவது விசாரணை. மாசி மாதம்தான், ஆனாலும் வெயில் மண்டையைப் பிளந்தது. குடிப்பாரா என்று கேட்டேன். டீக்கடையில், பால் சொசைட்டியில், கோயில் வாசலில், எல்லா இடத்திலும் ஒரே பதில்: "கரகம் தூக்கறவரு மேடம். வாயில வைப்பாரா?"

அந்த ஊரில் வைகாசியில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி. பத்து நாள் காப்புக் கட்டி விரதம் இருந்து, கடைசி நாள் பூங்கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு முதலில் தீயில் இறங்குபவர் கலியமூர்த்தி. பன்னிரண்டு வருடமாக அவர்தான். ஊர்ப் பஞ்சாயத்தின் பெரியவர் ஒருவர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் ஊரார் அவரைச் சொல்தா என்பார்கள். அவர் விறைப்பாக நின்று, "மதாம், காப்பு கட்டுன மூணாம் நாளு அம்மன் அவுரு மேல எறங்கிடும். கை கால்லாம் அப்பிடி ஆடும். குடிகாரன் மேல எறங்குமா?" என்று என்னையே கேட்டார்.

கலியமூர்த்தியும் அடக்கமாகக் கைகட்டி நின்றார். வாயில் கிராம்பு வாசனை வந்தது. ஊரே ஒரே வார்த்தையில் ஒரு விஷயத்தைச் சொன்னால் அது உண்மையாக இருக்க முடியாது. ஒருநாளும் ஊர் அப்படி ஒற்றுமையாக இருந்ததில்லை. இது எனக்குத் தெரியும், ஆனாலும் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் தெரியாதவள் மாதிரி இருந்துவிட்டேன். குடிப்பழக்கம் இல்லாதவர், நன்மதிப்பு உள்ளவர், கண்டித்து விடுவிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் அவர் மனைவி அஞ்சலாட்சி என் அலுவலகத்துக்கு வந்தாள். ஒல்லியான பெண். நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"இன்னா மேடம் இப்பிடி எழுதிட்டீங்க?"

"நல்லாத்தானேம்மா எழுதியிருக்கேன். விட்டுடுவாங்க."

"வுட்டுட்டா செத்துப் போயிடுவாரு மேடம்."

கலியமூர்த்திக்குக் காலையில் எழுந்ததும் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கை நிற்காது. வருடத்தில் அந்தப் பத்து நாள் மட்டும் காப்புக்குப் பயந்து ஒரு சொட்டுத் தொடமாட்டார். மூன்றாம் நாள் உடம்பு தூக்கிப்போடும், இல்லாத ஆட்களோடு பேசுவார். ஊர் அதை அம்மன் என்று விழுந்து கும்பிடும்.

"போன வருசம் வலிப்பே வந்துடுச்சு. நான் கையில சாவிக்கொத்து குடுக்கறேன், இவங்க கற்பூரம் காட்றாங்க. அப்பறமா டாக்டர்கிட்ட இட்டுக்கினு போனேன். திடீர்னு நிறுத்தறதாலதான் இப்பிடி ஆவுது, அடுத்த தடவ உசுருக்கே ஆபத்து, ஆஸ்பத்திரில வச்சுதான் நிறுத்தணும்னாரு. இவுரு வரமாட்டேங்கறாரு. குடிக்கிறாருன்னு தெரிஞ்சா கரகத்த வாங்கிடுவாங்களாம்."

"ஊருக்குத் தெரியாதா?"

"ஊருக்கே தெரியும் மேடம். யாரும் சொல்லிக்க மாட்டாங்க. அவுரு சாமிக்குப் பயப்படுவாரு, அதுக்கு அடுத்து கோர்ட்டுக்குத்தான் பயப்படுவாரு. கோர்ட்டு சொல்லி அனுப்புச்சாதான் ஆஸ்பத்திரிக்குப் போவாரு. நீங்க அதையும் கெடுத்துட்டீங்க."

வைகாசிக்கு இரண்டரை மாதம் இருந்தது. தீர்ப்புத் தேதிக்கு இரண்டு நாள்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். குற்றம் செய்யவில்லை என்று நிரூபிக்கத்தான் எல்லோரும் நீதிமன்றத்துக்கு வருவார்கள். ஒரு குடிகாரர் குடிகாரர்தான் என்று நான் நிரூபிக்க வேண்டும். போலீஸ், மருத்துவர், வக்கீல், முழு ஊர், எல்லோருக்கும் மேலாக என் சொந்த அறிக்கை, எல்லாம் எதிர்த்தரப்பில். என் மூத்த அதிகாரியிடம் ஓடினேன். பெயர் சொன்னால் திட்டுவார், அதனால் சொல்லவில்லை. "தப்பு பண்ணிட்டன்னா, யாராவது கண்டுபிடிக்கறதுக்கு முன்னால நீயே போய் சத்தமா சொல்லிடு. மெதுவா சொன்னா ரெண்டு தடவ சொல்ல வேண்டியிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அஞ்சலாட்சியின் பேச்சுக்கு ஓர் ஆதாரமும் இல்லை. டாக்டர் கொடுத்த சீட்டைக்கூடக் கலியமூர்த்தி அன்றே கிழித்துப் போட்டிருந்தார். கையில் இருந்தது கையெழுத்துப் பதிவேடு மட்டும்தான். காவல் நிலையத்துக்குப் போய் அதைப் புரட்டினேன். ஐந்து மாதக் கையெழுத்தும் அச்சடித்த மாதிரி இருந்தது. மூன்றே நாள் மட்டும் கோழி கிளறிய மாதிரி கிறுக்கல். ஒன்று காந்தி ஜெயந்தி, ஒன்று குடியரசு தினம். இன்னொன்று ஊரே அடைத்துக் கிடந்த பந்த் நாள். பதிவேட்டைப் பார்த்துக்கொண்ட ஏட்டைக் கூப்பிட்டுக் கேட்டேன். சிரித்து மழுப்பினார். கோர்ட்டுக்கு வந்து சொல்லுங்கள் என்றேன். சிரிப்பு நின்றுபோனது.

தீர்ப்பு நாளில், என் அறிக்கை தவறு, திரும்பப் பெறுகிறேன் என்று எழுந்து சொன்னேன். காது இரண்டும் சுட்டது. நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். வக்கீல் துள்ளி எழுந்தார். "என் கட்சிக்காரரைக் குடிகாரர் என்று சொல்வது அவதூறு! அரசுத் தரப்பே அப்படிச் சொல்லவில்லை!" அரசு வக்கீலும் எழுந்து, ஆமாம், நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன். ஊரிலிருந்து வேன் வைத்து வந்திருந்த இருபது பேரும் பின்னால் தலையாட்டினார்கள்.

ஏட்டு கூண்டில் ஏறினார்.

"காந்தி ஜெயந்தி அன்னைக்குக் கையெழுத்து ஏன் இப்படி இருக்கு?" என்றார் நீதிபதி.

"அன்னைக்குக் கடை லீவுங்கம்மா."

நீதிமன்றம் சிரித்து ஓயக் கொஞ்ச நேரமானது. ஏட்டு பாவம், ஆரம்பித்தபின் நிறுத்தத் தெரியாமல் முழுவதையும் சொன்னார். முதல் வாரம் கலியமூர்த்தி ஸ்டேஷனுக்குப் பயந்து குடிக்காமல் வெறும் வயிற்றோடு வந்து போட்ட கையெழுத்து ஜாமீன் பத்திரத்தில் இருந்ததோடு ஒத்துவரவில்லை. ஆள்மாறாட்டம் என்று தன் மேல் பழி வரும் என்று பயந்து அந்தப் பக்கத்தையே கிழித்து எறிந்திருக்கிறார். "அதான், எதுர்ல கடைல போயி கொஞ்சம் போட்டுட்டு வந்து போடுன்னேன். அப்பறம் தினமும் சரியாப் போட்டாரும்மா. ஒருநாள்கூட லேட்டு கெடையாது."

ஆக, நீதிமன்றத்தின் நிபந்தனையை நிறைவேற்றத்தான் அவர் ஐந்து மாதமாகத் தினமும் காலையில் குடித்திருக்கிறார்.

வக்கீல் விடவில்லை. இப்போதே கையெழுத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள் என்றார். கலியமூர்த்தி வந்து போட்டார். அவ்வளவு அழகான கையெழுத்து. மணி பதினொன்று. காலையில் வேண்டியது உள்ளே போயிருந்தது. ஊர்க்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும்.

நீதிபதி அம்மா அவரைப் பார்த்து, "இப்படி உட்காருங்க. சாப்பாடு இங்கேயே வரும். நாலு மணிக்கு இன்னொரு கையெழுத்து போட்டுட்டுப் போகலாம்" என்றார்.

நான் அப்போது எழுந்து, வேண்டாம், இப்போதே மருத்துவரிடம் அனுப்பலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அங்கே எழுந்து பேசக்கூடியவர்களில் எனக்கு மட்டும்தான் அதன் ஆபத்து தெரியும். சொல்லவில்லை. என் பக்கம் ஜெயிக்கப்போகிறது என்ற சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதைப் பற்றி எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மணிக்கு அவருக்கு வியர்த்தது. மூன்று மணிக்கு விரல்கள் ஆடின. கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டார். மூன்றரைக்குத் தோளும் தாடையும் சேர்ந்து ஆடின. அப்போது பின்வரிசையில் சொல்தா எழுந்து நின்று, கையை உயர்த்திக் குரல் கொடுத்தார்: "ஏய், அம்மன் எறங்குதுடா!"

இருபது பேரும் ஒன்றாக எழுந்தார்கள். ஒருவர் வெளியே ஓடி வளாகத்து வேப்பமரத்தில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்தார். ஒரு பெண் குலவையிட்டாள். யாரிடமிருந்து கற்பூரம் வந்தது என்று தெரியவில்லை. வழக்குக் கட்டுகளுக்கு நடுவில் அதை ஏற்றிவிட்டார்கள். டவாலி கும்பிடுவதா அணைப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார். அரசு வக்கீல் செருப்பைக் கழற்றிவிட்டார். ஏட்டு நின்ற இடத்திலேயே விழுந்து கும்பிட்டார்.

அந்தக் கூச்சலில் அஞ்சலாட்சி ஒருத்திதான் அவரைத் தாங்கிப் பிடித்து, "ஆம்புலன்சு! ஆம்புலன்ச கூப்புடுங்க!" என்று கத்திக்கொண்டிருந்தாள். நான் போய் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டேன். நீதிபதி அம்மா மேடையிலிருந்து இறங்கி வந்து கற்பூரத்தைத் தன் தண்ணீர் டம்ளரால் அணைத்தார். ஆம்புலன்ஸ் வந்தது. சரியான நேரத்தில் வந்தது, வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் அவருக்குத் தெளிவு வந்தது. சிறைக்குப் பதில் ஒரு வருடம் என் கண்காணிப்பில் இருக்க வேண்டும், மருத்துவர் விடும்வரை சிகிச்சையில் இருக்க வேண்டும் என்ற பத்திரத்தோடு போனேன்.

"படகு திருடுனேன்னு எத்தினி தடவ வேணா எழுதிக்குங்க மேடம். குடிகாரன்னு எழுதாதீங்க. கரகம் போயிடும்" என்று அழுதார்.

"சிகிச்சைன்னுதான் இருக்கு. குடிகாரன்னு எங்கயும் இல்ல, பாருங்க."

அஞ்சலாட்சி பேனாவை அவர் கையில் திணித்தாள். "செத்துட்டா மட்டும் கரகம் கூடவே வருமா? போடு." போட்டார். கோணல்மாணலாக இருந்தது. நான் வாங்கிய கையெழுத்துகளிலேயே அதுதான் உண்மையானது.

அவர் பயந்த மாதிரி கரகம் போகவில்லை. கோர்ட்டுக்குள்ளேயே அம்மன் இறங்கிய ஆள் என்று சுற்றுப்பட்டு ஊரிலெல்லாம் பேராகிவிட்டது. ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்டவர்களுக்கு, அம்மன் அவ்வளவு உக்கிரமாக இறங்கினால் உடம்பு தாங்குமா என்று சொல்தா விளக்கம் சொன்னார். நான் மறுக்கவில்லை. பொய்யென்று எனக்கும் கலியமூர்த்திக்கும் தெரியும். ஆனால் ஆள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வைகாசி வந்தது. மருத்துவரின் அனுமதியோடு கலியமூர்த்தி காப்புக் கட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் காலையிலிருந்து மாலைவரை அஞ்சலாட்சி எனக்கு நாலு தடவை போன் செய்தாள். சாப்பிடுகிறார், தூங்குகிறார், சாதாரணமாக இருக்கிறார். நான்காம் நாளும் அப்படியே. ஊரில் முணுமுணுப்பு தொடங்கியது. தீமிதி அன்று நானே போனேன். முக்காடு போட்டுக்கொண்டு ஓரமாக நின்ற என்னை, பாய் வூட்டு மேடம் வந்துட்டாங்க என்று முன்வரிசைக்கு இழுத்துவிட்டார்கள்.

பூங்கரகத்தோடு கலியமூர்த்தி தீக்குழி ஓரம் வந்து நின்றார். பம்பை முழங்கியது. அருள் வந்தால்தான் முதல் ஆள் இறங்க முடியும், அது அவர்கள் முறை. பம்பைக்காரர் வேகத்தைக் கூட்டினார். கலியமூர்த்தி தூண் மாதிரி நின்றார். கால்மணி நேரமானது. நெருப்பு மேலே சாம்பல் பூத்தது. சொல்தா என் பக்கம் திரும்பி, உண்மையான கவலையோடு கேட்டார்: "மதாம், ஒங்க ஆஸ்பத்திரில அம்மனையும் சேத்து எடுத்துட்டாங்களா?"

கூட்டத்தில் யாரோ, வேறு ஆளிடம் கரகத்தைக் கொடுங்கள் என்று குரல் விட்டார்கள். கலியமூர்த்தியின் முகம் வெளுத்தது. எனக்கு அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. இன்று கரகத்தை வாங்கிவிட்டால் நாளைக் காலை அவர் எங்கே போய் நிற்பார் என்று எனக்குத் தெரியும்.

அப்போது என் பின்னாலிருந்து ஒரு கத்தல். அஞ்சலாட்சி கூந்தல் அவிழ்ந்து, உடம்பு ஆட முன்னால் வந்தாள். கூட்டம் விலகியது. நேராகச் சொல்தாவிடம் போய் நின்றாள்.

"டேய், அவன் குடிக்கறது ஒனக்குத் தெரியாதா?"

எண்பது வயதுப் பட்டாளத்துக்காரர் கைகூப்பி, "தெரியும் தாயே" என்றார்.

"டீக்கடக்காரா, ஒனக்கு?" "தெரியும் தாயே." "ஒனக்கு?" "தெரியும் தாயே." வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். அன்று நான் விசாரித்த அத்தனை பேரும் நான் கேட்ட அதே கேள்விக்கு உண்மையைச் சொன்னார்கள். கடைசியில் என் முன்னால் நின்றாள். அது அஞ்சலாட்சியா, அம்மனா, எனக்குத் தெரியாது. நான் கும்பிடும் முறை வேறு. ஆனால் கை தானாகக் குவிந்துவிட்டது.

"நீ இன்னா எழுதுன?"

"தப்பா எழுதிட்டேன்."

"திருத்துனியா?"

"திருத்திட்டேன். பதினோரு நாள் கழிச்சு."

"கோர்ட்டுல அவன ஒக்கார வச்சு எத்தினி மணி நேரம் பாத்துக்கினு இருந்த?"

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அறிக்கையிலும் எழுதியதில்லை. நீங்கள் எத்தனையோ வக்கீல்களின் குறுக்கு விசாரணைக்குத் தயாராகலாம், இந்த மாதிரிக் கேள்விக்கு ஆக முடியாது. "நாலர மணி நேரம்" என்றேன். அழுதுவிட்டேன். கையிலிருந்த வேப்பிலைக் கொத்தால் என் தலையில் ஓங்கி ஒரு அடி கொடுத்தாள். நன்றாக வலித்தது.

பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "என் கரகம் தூக்கறவன் உசுரோட இருக்கணும். ஆடாம நடந்தாலும் அவந்தான் தூக்கணும். எவனாச்சும் அவனுக்கு ஊத்திக் குடுத்தீங்க..."

"ஊத்த மாட்டோம் தாயே" என்று ஊரே சொன்னது. எல்லோருக்கும் முன்னால் ஏட்டின் குரல் கேட்டது. பந்தோபஸ்துக்கு வந்திருந்தார்.

அஞ்சலாட்சி புருஷனின் தோளில் கைவைத்து, "எறங்கு" என்றாள். கலியமூர்த்தி இறங்கினார். ஆட்டம் இல்லை, ஓட்டமும் இல்லை. பெயின்ட் அடிக்கப் போகிறவர் மாதிரி ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்து, கரகத்தில் ஒரு பூக்கூட உதிராமல், அந்தக் கரையில் ஏறினார்.